பழைய போனில் புது அப்டேட் போடலாமா?

சங்கரன்கோவிலில் இருந்து அம்மா இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் பெரும்பாலும் போனைப் பற்றித்தான் இருக்கும். அன்றும் அப்படித்தான். "ஏப்பா, போன்ல ஏதோ அப்டேட் போடவான்னு கேக்குது. நாலு நாளா தள்ளித் தள்ளி விட்டுட்டிருக்கேன். போடட்டுமா?"

"இரும்மா, இப்பப் போடாத. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்" என்றேன்.

2019-இல் வாங்கிய போன் அது. ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களுக்கான தற்காலிக நினைவகம், 3 ஜிபி; சேமிப்பிடம் 32 ஜிபி. மாதாமாதம் வரும் சின்னப் பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டை அடைக்கும் திருத்தம்) என்றால் உடனே போடச் சொல்லியிருப்பேன். இது ஆண்ட்ராய்டு 10-இல் இருந்து 11-க்குப் போகும் பெரிய அப்டேட். "அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆயிரும்" என்று அம்மாவிடம் பக்கத்து வீட்டில் வேறு சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2008-இல் வந்த ஐபோன் 3ஜி-யில் இருந்தது 128 எம்பி ரேம். 2010 ஜூனில் அதற்கு ஐஓஎஸ் 4 (ஐபோனை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதாவது இயங்குதளம்) வந்தது. போட்டவர்களுக்குத் தொட்டதற்கெல்லாம் போன் நின்று நின்று நகர்ந்தது. செப்டம்பரில் 4.1 வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 2012-இன் நெக்சஸ் 7 டேப்லெட்டுக்கு 2014 இறுதியில் ஆண்ட்ராய்டு 5 வந்தபோதும் அதே கதைதான். ஆனால் பழைய போன் தடுமாறுவதற்கான காரணம் பெரும்பாலும் மூன்றே இடங்களில் இருக்கிறது: பேட்டரி, சேமிப்பிடம், ரேம். மூன்றையும் அப்டேட் போடும் முன்பே பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்காமல் போடுவதுதான் ஆபத்து என்பது என் எண்ணம்.

முதலில் பேட்டரி. வீட்டில் தண்ணி மோட்டாரைப் போட்டதும் லைட் ஒரு நொடி மங்கி எரியும், பார்த்திருப்பீர்கள். மோட்டார் திடீரென்று அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. வரும் கம்பியில் தடை இருப்பதால் அங்கே வோல்டேஜ் விழுகிறது. போனின் லித்தியம் அயான் பேட்டரிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. பேட்டரிக்குள் ஒரு மின்தடை உண்டு. சார்ஜ் ஏறி இறங்க இறங்க, உள்ளே எதிர்மின்வாயின் மேல் படியும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகும், தடையும் கூடும். வெயிலும் சூடும் இதை வேகப்படுத்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி 3.7 வோல்ட்டில் இருக்கிறது. கேமராவைத் திறந்ததும் போனின் மூளையான புராசசர் ஒரு கணம் 2 ஆம்பியர் இழுக்கிறது. புதுப் பேட்டரியின் உள்தடை 0.1 ஓம் என்றால் விழுவது 0.2 வோல்ட்; மிச்சம் 3.5. போன் கவலையில்லாமல் ஓடும். தேய்ந்த பேட்டரியில் தடை 0.3 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விழுவது 0.6 வோல்ட், மிச்சம் 3.1. அதற்கும் கீழே போகாமல் தன்னைக் காத்துக்கொள்ள போன் சட்டென்று அணைந்துவிடும். திரையில் முப்பது சதவீதம் காட்டியிருக்கும்! சார்ஜ் உள்ளே இருக்கிறது. கேட்ட வேகத்தில் கொடுக்கத்தான் பேட்டரிக்குத் தெம்பில்லை.

2016 இறுதியில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த பலருக்கு இப்படித்தான் போன் அணைந்தது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1-இல் ஆப்பிள் ஒரு வழி செய்தது: பேட்டரி தேய்ந்திருந்தால் புராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்துவிடு. மின்னோட்டம் குறையும், வோல்டேஜ் விழாது, போன் அணையாது. பொறியியலாகப் பார்த்தால் சரியான யோசனை. ஆனால் வேகத்தைக் குறைக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், ஆயிரக்கணக்கான போன்களின் மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். ஒரே மாடல் போன்கள் ஒரே மதிப்பெண்ணைச் சுற்றிக் குவிய வேண்டும். 10.2.0 இருந்த போன்களில் அப்படித்தான் ஒரே ஒரு மேடு இருந்தது. அடுத்து வந்த பதிப்புகளில் அதற்குக் கீழே சின்னச் சின்ன மேடுகள் முளைத்திருந்தன. டிசம்பர் 28 அன்று ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 ஆக்கியது. 2020-இல் பிரான்ஸ் அரசு இதற்காக இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது.

இந்தக் கதையில் எல்லோரும் கோபப்பட்டதை நினைவில் வைத்திருக்கிறோம். பேட்டரியை மாற்றியவர்களின் போன் பழைய வேகத்துக்குத் திரும்பியதை மறந்துவிட்டோம். அப்டேட்டைத் திட்டும் முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். ஐபோனில் 2018-இல் வந்த ஐஓஎஸ் 11.3 முதல் செட்டிங்ஸிலேயே பேட்டரியின் ஆரோக்கியம் தெரியும். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதல் செலவு அங்கேதான். பல ஆண்ட்ராய்டு போன்களில் அப்படி எண் தெரியாது. இருபது, முப்பது காட்டும்போதே அணைகிறதா என்று கவனித்தால் போதும்.

அடுத்தது சேமிப்பிடம். இடம் நிறைந்தால் போன் ஏன் தவழ்கிறது என்பதைக் கோலத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நாலைந்து சின்ன முற்றங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த முற்றத்திலும் காலி இடத்தில் புதுப் புள்ளி வைக்கலாம். ஆனால் வைத்த புள்ளி ஒன்றை மட்டும் அழிக்க முடியாது. தண்ணீர் ஊற்றி முற்றம் முழுவதையும்தான் கழுவ முடியும். அப்படியென்றால் ஒரு புள்ளியை மாற்றுவது எப்படி? அழியக்கூடாத கோலத்தை எல்லாம் காலியாக இருக்கும் இன்னொரு முற்றத்தில் திரும்பப் போட்டுவிட்டு, பழைய முற்றத்தைக் கழுவ வேண்டும். போனுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் வேலை செய்வது இப்படித்தான். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாக. அழிப்பது நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதி தொகுதியாக.

காலி முற்றங்கள் நிறைய இருந்தால் இந்த வேலை சத்தமில்லாமல் பின்னால் நடக்கும். எல்லா முற்றமும் நிறைந்திருந்தால், ஒரு சின்ன மெசேஜைச் சேமிக்கக்கூட முதலில் இடம் ஒழிக்க வேண்டும். நீங்கள் தொட்ட பட்டன் அதுவரை காத்திருக்கும். பெரிய அப்டேட் வரும்போது ஒரு ஜிபி, இரண்டு ஜிபி ஒரே மூச்சில் எழுதப்படுகிறது; பல போன்களில் புது இயங்குதளமே பழையதைவிடக் கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த போன் அதற்கு மேல் தாங்காது. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இல்லாமல் நான் எந்தப் பழைய போனிலும் அப்டேட் போடுவதில்லை.

ரேம் விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணப் பந்தியில் நூறு இலை என்றால், இயங்குதளமே நாற்பது இலையில் உட்கார்ந்துவிடுகிறது. புதுப் பதிப்பு வந்தால் அது ஐம்பதாகலாம். மிச்ச இடத்தில்தான் வாட்ஸ்அப், கேமரா, யூடியூப் எல்லாம். புதிதாக ஒருவர் வந்தால் பாதிச் சாப்பாட்டில் ஒருவரை எழுப்பியாக வேண்டும். அவர் திரும்ப வரும்போது முதலில் இருந்து பரிமாற வேண்டும். வாட்ஸ்அப்பில் இருந்து கேமராவுக்குப் போய்த் திரும்பினால் வாட்ஸ்அப் மறுபடி தொடக்கத்தில் இருந்து திறக்கிறதே, அது இதனால்தான்.

அப்டேட் போட்ட முதல் இரண்டு நாள் போன் சூடாகும், சார்ஜ் நிற்காது, எல்லாமே மெதுவாகத் தெரியும். பலரும் இந்த இரண்டு நாளை வைத்துத்தான் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உள்ளே நடப்பது வேறு. ஆண்ட்ராய்டில் ஆப்களின் நிரல் அந்தப் போனின் புராசசருக்கு ஏற்ற கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றி வைக்கப்படுகிறது. இயங்குதளம் மாறினால் இந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு 5 காலத்தில் இதை முடித்துவிட்டுத்தான் போனே திறக்கும். ஆப்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் அந்தத் திரையின் முன்னால் காத்துக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2016-இன் ஆண்ட்ராய்டு 7 முதல் பெரும்பகுதியை, போன் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும் நேரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். ஐபோனிலும் தேடலுக்கான அட்டவணை, போட்டோக்களில் முகம் பிரித்தல் எல்லாம் அப்படித்தான் பின்னால் நடக்கும். அதனால் இரண்டு மூன்று இரவு சார்ஜில் போட்டு, வைஃபை இருந்தால் அதையும் இணைத்து விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் மெதுவாக இருந்தால் அதுதான் உண்மையான வேகம்.

எல்லாப் பெரிய அப்டேட்டும் போனை மெதுவாக்குவதும் இல்லை. 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 ஐந்து வருடப் பழைய ஐபோன் 5எஸ்-க்கும் கிடைத்தது. விரல் பட்டதும் புராசசரை உடனே உச்ச வேகத்துக்கு ஏற்றி, வேலை முடிந்ததும் சட்டென்று இறக்கும்படி மாற்றியிருந்தார்கள். ஐபோன் 6 பிளஸில் ஆப்கள் 40 சதவீதம் வரை வேகமாகத் திறக்கும் என்று ஆப்பிள் சொன்னது. பழைய போன் வைத்திருந்தவர்கள்தான் அதில் அதிகம் மகிழ்ந்தார்கள். ஆகவே உங்கள் மாடலிலேயே அந்த அப்டேட்டைப் போட்டவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது நல்லது.

அவ்வளவு பொறுமை எதற்கு, பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடலாமே என்றால், முடியாது. ஐபோனில் ஒவ்வொரு பதிப்பையும் நிறுவும்போது ஆப்பிளின் சர்வர் கையொப்பமிட வேண்டும். புதுப் பதிப்பு வந்த சில நாட்களிலோ வாரங்களிலோ பழையதற்குக் கையொப்பம் போடுவதை நிறுத்திவிடுவார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களும் பழைய பதிப்பை ஏற்றவிடாமல் பூட்டி வைத்திருக்கின்றன. இது நம்மை வதைப்பதற்காக வைத்த பூட்டு அல்ல. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றன. திரும்பிப் போகும் வழி திறந்திருந்தால் போனைத் திருடியவன் முதலில் அந்த வழியாகத்தான் போவான்.

அந்த ஓட்டைகளால்தான் போடாமலே இருந்துவிடவும் முடியவில்லை. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. சூழ்ச்சியாகச் செய்த ஒரு வீடியோவை எம்எம்எஸ்ஸில் அனுப்பினால் போதும், ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைய வழி கிடைக்கும். அதற்கு அடுத்த மாதத்தில் இருந்துதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புப் பேட்ச் கொடுக்கத் தொடங்கியது. ஒரு பேட்ச் வெளியானதும் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். பேட்ச் போடாத போன் அன்றுமுதல் முன்பைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. ஜிபேயும் வங்கி ஆப்பும் இருக்கும் போனில் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். ஆண்ட்ராய்டில் குரோம் பிரவுசரும், மற்ற ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டும் பகுதியும் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே அப்டேட் ஆகும். ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும். இயங்குதளத்தை நிறுத்தினால் பிரவுசரும் நின்றுவிடும். ஆகவே பழைய ஐபோனில் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதற்கு விலை கூடுதல். இன்னொரு பக்கம் ஆப்களும் கைவிடும்: 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே வாட்ஸ்அப் இல்லை. ஐஓஎஸ் 12-உடன் நின்றுபோன ஐபோன் 5எஸ், 6 எல்லாம் அதோடு வாட்ஸ்அப்பை இழந்தன.

சரி, முடிவெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, இப்போதிருக்கும் பதிப்புக்கு இன்னும் பாதுகாப்புப் பேட்ச் வருகிறதா என்பதை. வருகிறது என்றால் அவசரமில்லை. பேட்சை மட்டும் போட்டுக்கொண்டு சில வாரம் வேடிக்கை பார்க்கலாம். வருவது நின்றுவிட்டது, பேட்டரியும் இடமும் சரியாக இருக்கிறது என்றால் போட்டுவிட வேண்டியதுதான். பேட்டரி தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டு அப்புறம் போடலாம். ரேம் மிகக் குறைவு, அதே மாடல் வைத்திருப்பவர்களும் அழுகிறார்கள் என்றால் போடாமல் வைத்துக்கொண்டு, பணம் புழங்கும் ஆப்களை மட்டும் அதில் இருந்து எடுத்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனைக் கையில் வாங்கினேன். பழைய பதிப்புக்கு இனி பேட்ச் இல்லை. ஆகவே போட்டுத்தான் ஆக வேண்டும். "முப்பது காட்டும்போதே அணைஞ்சிருதுப்பா" என்றாள் அம்மா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 800 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றினோம். சேமிப்பிடத்தில் மிச்சம் ஒரு ஜிபிகூட இல்லை. உறவுக்காரர்கள் குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோக்கள் மட்டும் 9 ஜிபி. பேரனின் வீடியோக்களை என் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு மற்றதை அவளே ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தாள். ராத்திரி சார்ஜில் போட்டு அப்டேட்டைத் தொடங்கிவிட்டுப் படுத்தோம்.

திங்கள் காலையில் போன் சூடாக இருந்தது, மெதுவாகவும் இருந்தது. மேலே இருந்து இழுத்தால் வரும் பட்டன்களின் வரிசையே மாறியிருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து, டார்ச் பட்டனை எடுத்து முதல் இடத்தில் வைத்தேன். இரண்டு முறை இழுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

புதன்கிழமை இரவு கூப்பிட்டாள். போன் பழையபடி ஓடுகிறது, சார்ஜும் நிற்கிறது. போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் வாட்ஸ்அப் மட்டும் மறுபடி முதலில் இருந்து திறக்கிறது என்றாள். "சாயங்காலம் கரண்டு போச்சுப்பா. டார்ச் உடனே கிடைச்சிட்டு."