ஐ.சி.யூ.வில் அப்பா ஏன் மாற்றி மாற்றிப் பேசுகிறார்?

நிமோனியா என்று ஐ.சி.யூ.வில் சேர்த்த அப்பா, மூன்றாம் நாள் மகளைப் பார்த்து “நீங்க யாரு?” என்று கேட்கிறார். சிஸ்டர் தன் மோதிரத்தை எடுத்துக்கொண்டதாகப் புகார் சொல்கிறார். மூக்குக் குழாயைப் பிடுங்கப் போனதால் இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். வெளியே வந்த மகள், வராந்தாவில் காத்திருக்கும் அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் “தூங்குறாரும்மா” என்கிறாள். காய்ச்சல் எப்படியும் தணிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த குடும்பம், இப்போது புத்தியே பேதலித்துவிட்டதோ என்று நடுங்குகிறது.

மருத்துவர்கள் இந்த நிலையை டெலிரியம் என்கிறார்கள். நம் பெரியவர்கள் ஜன்னி என்று சொன்னதில் இதுவும் அடக்கம். உடம்பு முழுக்க நோயில் தள்ளாடும்போது சிறுநீரகம் திணறுகிறது, கல்லீரல் திணறுகிறது. மூளையும் ஓர் உறுப்புதானே, அதுவும் திணறுகிறது. இது அபூர்வமும் இல்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு, மூச்சுத் திணறலாலோ ரத்த அழுத்தம் சரிந்தோ ஐ.சி.யூ.வுக்கு வந்த 821 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்களில் 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்திருந்தது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? நுரையீரலிலோ ரத்தத்திலோ கிருமித் தொற்று ஏறும்போது, அதை எதிர்க்க உடம்பு அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் கொட்டுகிறது. சாதாரண நாளில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு இவற்றைப் பெரும்பாலும் உள்ளே விடாது. கடும் நோயில் அந்தத் தடுப்பு தளர்கிறது. மூளையின் காவல் செல்கள் உசுப்பப்பட்டு, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் அளவு குலைகிறது. குறிப்பாக, கவனத்தை ஒரு விஷயத்தில் நிறுத்திவைக்க உதவும் அசிட்டைல்கோலின் குறைந்து, டோபமின் மிகுந்துவிடுவதாகக் கருதுகிறார்கள். அதனால் முதலில் உடைவது கவனம். நினைவு, இடம், காலம், ஆள் அடையாளம் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சரிகின்றன.

தூக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஐ.சி.யூ.வில் இரவு என்ற ஒன்று கிடையாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பக்கத்துப் படுக்கையின் அலாரம் கத்தும், பிரஷர் பார்க்கும் பட்டை கையை இறுக்கித் தளரும், விடியற்காலையில் ரத்தம் எடுக்க ஆள் வரும். பகலா இரவா என்று உடம்புக்கே தெரியாமல் போகிறது. வென்டிலேட்டரைத் தாங்கிக்கொள்ளக் கொடுக்கும் மயக்க மருந்துகளும், முக்கியமாக மிடசோலம் வகையைச் சேர்ந்தவை, டெலிரியத்தின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆளைத் தூங்கவைப்பது போலத் தெரிந்தாலும் அது இயல்பான தூக்கம் அல்ல.

இந்த நிலையில் நோயாளி பேசுவது வெறும் உளறலாகத் தோன்றும். உட்கார்ந்து கேட்டால் பல நேரம் அதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். வாழ்நாள் முழுக்க இரவு மின்சாரத்துக்காகக் காத்திருந்து தண்ணீர் பாய்ச்சிய ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டில் மருந்து செலுத்தும் பம்ப் கீச்சிடுகிறது. “கரண்ட் வந்துடுச்சு, மோட்டாரைப் போடு” என்று எழுந்திருக்கப் பார்க்கிறார். சத்தம் உண்மை, காதுக்கும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று நிதானிக்க மூளையால் முடியவில்லை. ஆகவே தனக்குப் பழகிய கதை ஒன்றை எடுத்துப் பொருத்திவிடுகிறது. கையைக் கட்டியிருப்பதை யாரோ தன்னைக் கடத்திவிட்டதாகப் பலர் புரிந்துகொள்வதும் இப்படித்தான். குழாயைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் சில நேரம் கட்ட வேண்டியிருக்கிறது, ஆனால் கட்டுவதே பதற்றத்தை ஏற்றவும் செய்கிறது.

கத்திக் கூச்சல் போடுபவர்களாவது எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இன்னொரு வகை. கண் பாதி திறந்திருக்கும், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் வரும், மற்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டு அமைதியாகக் கிடப்பார். “அப்பா இன்னிக்கு அமைதியா இருக்காரு” என்று நாம் நிம்மதியாக வீடு திரும்புவோம். இதுவும் டெலிரியம்தான், மிகுதியாகத் தப்பிப்போவதும் இதுதான். கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. வாயில் குழாய் இருப்பவரிடமும் செய்யலாம். நர்ஸ் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு 10 ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ‘ஏ’ என்று கேட்கும்போது மட்டும் நோயாளி கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் குலைந்திருக்கிறது என்று பொருள். 2001-இல் வாண்டர்பில்ட்டில் உருவான இந்தச் சோதனை இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. “டெலிரியம் இருக்கான்னு பார்த்தீங்களா டாக்டர்?” என்று தயங்காமல் கேட்கலாம்.

இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வேலை, காரணத்தைத் தேடுவது. சோடியம் இறங்கியிருக்கலாம், சர்க்கரை குறைந்திருக்கலாம், புதிய தொற்று வந்திருக்கலாம், வலியைச் சொல்ல முடியாமல் கிடக்கலாம், மலச்சிக்கலாகக்கூட இருக்கலாம். ஒரு காரணத்தைக் குடும்பம்தான் சொல்ல முடியும். அப்பா தினமும் குடிப்பவர் என்றால் அதை மறைக்காதீர்கள். கௌரவம் பார்த்து “எப்பவாவதுதான்” என்று சொல்லிவிடுகிறோம். தினசரிக் குடி திடீரென்று நின்றால் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் உடம்பு நடுங்கி, வேர்த்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், உயிரைக்கூட எடுத்துவிடும். இதற்கான மருந்து, மற்ற டெலிரியத்தில் தவிர்க்கப் பார்க்கும் அதே மிடசோலம் குடும்பத்தைச் சேர்ந்தது. உண்மை தெரியாவிட்டால் டாக்டர் நேர் எதிரான முடிவை எடுக்க நேரும். வருடக்கணக்கில் போட்டுவந்த தூக்க மாத்திரையையும் இதே போலச் சொல்லிவிட வேண்டும்.

சரி, டெலிரியத்தைக் குணமாக்கவே ஒரு மருந்து இல்லையா? ஹாலோபெரிடால் என்ற மருந்தை வெகுகாலமாக நம்பிவந்தார்கள். 2018-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அது கொடுத்தவர்களுக்கும் வெறும் உப்புநீர் கொடுத்தவர்களுக்கும் டெலிரியம் நீடித்த நாள்களில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இப்போது மயக்க மருந்தைக் குறைப்பது, சீக்கிரம் உட்காரவைத்து நடக்கவைப்பது, இரவில் தூங்கவிடுவது, குடும்பத்தை அருகில் சேர்ப்பது என்று கவனம் திரும்பியிருக்கிறது.

அட்மிட் செய்த அன்றே வாட்ச், மோதிரம், மூக்குக்கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு நம் கையில் கொடுத்துவிடுவார்கள். வாட்சும் மோதிரமும் வீட்டில் இருக்கட்டும். கண்ணாடியையும் காது மெஷினையும், நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, திரும்பப் போட்டுவிடுங்கள். மங்கலாகத் தெரியும் முகமும் பாதி கேட்கும் குரலும் குழம்பிய மூளையை இன்னும் குழப்பும். உள்ளே விடுகிற கொஞ்ச நேரத்தில், “என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லு” என்று பரீட்சை வைக்க வேண்டாம். “அப்பா, நான் செல்வி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. ஆஸ்பத்திரியில இருக்கீங்க. சளிக்கு மருந்து ஏறுது” என்று நாமே சொல்லிவிடலாம். மோட்டாரைப் போடச் சொன்னால், மோட்டார் இங்கே ஏது என்று வாதாடாமல், “தம்பி பார்த்துக்கறான்பா” என்று சொன்னாலே மனம் ஓரளவு அடங்கும்.

குடும்பம் பக்கத்தில் இருந்தாலே டெலிரியம் வராது என்று சொல்லிவிட முடியாது. பிரேசிலில் 36 ஐ.சி.யூ.க்களில் பார்வையாளர் நேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை நீட்டிப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அதன் முடிவுப்படி டெலிரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் தொற்றும் கூடவில்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மணிக்கணக்காகத் தரையில் உட்கார்ந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி மருத்துவமனையிடம் கேட்பதில் தப்பே இல்லை.

டெலிரியம் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் அது நீண்ட நாள் நீடித்தவர்களுக்கு, ஓராண்டு கழித்தும் நினைவிலும் யோசிப்பதிலும் கூடுதல் சிரமம் இருந்ததை 2013 ஆய்வு காட்டியது. கணக்கு தப்புவது, சாமான் வைத்த இடம் மறப்பது, ராத்திரியில் திடுக்கிட்டு எழுவது எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தெரியலாம். வயசாச்சு என்று விட்டுவிடாமல், மறு செக்கப்புக்குப் போகும்போது மூச்சையும் சர்க்கரையையும் பற்றிச் சொல்வதோடு இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.