கட்டவிழும் கார்டிசால்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் காடுகளில், குளிர்காலம் முடியும் தறுவாயில், ஓர் இனத்தின் ஆண்கள் எல்லாமே செத்துப்போகின்றன. ஆன்டிகைனஸ் என்னும் அந்தப் பிராணி பார்ப்பதற்குச் சுண்டெலி போல இருந்தாலும் கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி வகையைச் சேர்ந்தது. இனச்சேர்க்கைக் காலம் இரண்டு மூன்று வாரங்கள்தான். ஒரு முறை இணைந்தால் 14 மணி நேரம் வரைகூட நீளும். பிறகு ஆணின் ரோமம் உதிர்கிறது, வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிகிறது, ஒட்டுண்ணிகள் பெருகுகின்றன. முதல் பிறந்தநாளை எந்த ஆணும் காட்டில் காண்பதில்லை.

களைத்துச் செத்தன என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இனச்சேர்க்கைக் காலத்துக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்கள் பிழைத்துக்கொண்டன. ஆகவே விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கும் இந்தச் சாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அந்தத் தொடர்பு ஒரு புரதத்தின் வழியே நடக்கிறது. நெருக்கடியின்போது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அதில் பெரும்பகுதியை ரத்தத்திலுள்ள ஒரு புரதம் பற்றிக்கொள்கிறது. மனித ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் இப்படிப் புரதங்களின் பிடியில்தான் இருக்கும். பிடிபடாத சிறு பகுதி மட்டுமே உயிரணுக்களுக்குள் நுழைந்து வேலை செய்யும். ஆண் ஆன்டிகைனஸில் டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏற, அந்தப் புரதத்தின் அளவு குறைகிறது. அதே நேரத்தில் அட்ரினல் சுரப்பது கூடுகிறது. கார்டிசால் மிகுந்தால் 'போதும்' என்று மூளை கட்டளையிட வேண்டும். அந்தத் தடையும் பலனற்றுப் போகிறது. கட்டவிழ்ந்த கார்டிசால் நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கிவிட, உடல் உள்ளிருந்தே சிதைகிறது.

மனித ஆணின் உடலில் நாம் அதிகம் பார்ப்பது இதன் மறுதிசை: கார்டிசால்தான் டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விரைக்கு அனுப்பும் தூண்டுதலை அது தணிக்கிறது. விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்களையும் நேரடியாகத் தடுக்கிறது. அந்தச் செல்களிடம் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. சாதாரண நாட்களுக்கு அந்தக் காவல் போதும். கார்டிசால் வெள்ளமாய் வந்தால் போதாது. அமெரிக்க ராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞர்களிடம் 1972-இல் வெளியான ஆய்வொன்று இதைக் கண்டது. கெடுபிடி மிகுந்த தொடக்கக் கட்டத்தில் தாழ்ந்திருந்த டெஸ்டோஸ்டிரோன், நெருக்கடி தணிந்த கட்டத்தில் உயர்ந்திருந்தது. ஆபத்து தீரும்வரை இனப்பெருக்கத்தை ஒத்திப்போடும் இந்த ஏற்பாட்டில் பெரிய நியாயம் இருக்கிறது: பிழைத்தவனுக்கு இன்னொரு பருவம் வரும்.

ஆன்டிகைனஸ் ஆணுக்கு இன்னொரு பருவம் கிடையாது. இந்த விலங்கில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதன் முன்னேற்பாடுதான். இனச்சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே அதன் விரை விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. சேமித்து வைத்ததைக் கொண்டே அந்த வாரங்களைக் கடக்கிறது. பிற்பாடு கார்டிசால் எவ்வளவு பொங்கினாலும் கெடுவதற்கு அங்கே உற்பத்தி எதுவும் இல்லை. மாறாக, அது தசைப் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்குகிறது. இரை தேட வேண்டிய நேரத்தையும் துணை தேடுவதில் செலவிட, தன் தசையையே அந்த ஆண் உணவாக்கிக்கொள்கிறது.

சுமார் ஒரு மாதம் கழித்துக் குட்டிகள் பிறக்கும்போது, அந்தக் காட்டில் அந்த இனத்தின் வளர்ந்த ஆண் ஒன்றுகூட உயிரோடு இருக்காது.