லியூக்கோஅராயோசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

வயதானவர் யாருக்காவது மறதி, தலைச்சுற்றல் என்று மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்திருந்தால் ரிப்போர்ட்டை ஒருமுறை பாருங்கள், லியூக்கோஅராயோசிஸ் (மூளைக்குள் திட்டுத்திட்டாகத் தெரிகிற மாற்றம்) என்ற சொல்லோ இதன் பங்காளிச் சொற்களோ கண்ணில் படலாம். என் பெரியம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்தது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர், "என்னடா இது, சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

கிரேக்கத்தில் லியூக்கோஸ் என்றால் வெள்ளை, லுக்கீமியாவில் வருகிற அதே வேர்தான். அராயோஸ் என்றால் அடர்த்தி குறைந்தது. இரண்டையும் ஒட்டி 1987-ல் இந்தப் பெயரை வைத்தவர்கள் கனடாவின் ஹாச்சின்ஸ்கி, பாட்டர், மெர்ஸ்கி மூவரும். அப்போது சிடி ஸ்கேன் பரவலாகிவிட்டிருந்தது, முதியவர்களின் மூளையில் மங்கலான திட்டுகள் தெரிந்ததுமே பின்ஸ்வாங்கர் நோய் (சிறு ரத்தக்குழாய்கள் பழுதாகி வரும் ஒருவகை மறதி நோய்) என்று எழுதிவிடும் பழக்கமும் கூடவே வந்திருந்தது. காரணம் தெரியாமல் நோய்ப் பெயரைச் சூட்ட வேண்டாம், படத்தில் தெரிவதை மட்டும் சொல்வோம் என்றுதான் இந்தச் சொல்லை உருவாக்கினார்கள்.

இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பெயரில் இருக்கும் வெள்ளை அந்தப் புள்ளிகளின் நிறம் இல்லை. சிடியில் அவை கருமையாகத்தான் தெரியும், எம்ஆர்ஐயில் ஃபிளேர் என்கிற வகைப் படத்தில்தான் பளிச்சென்று வெளுத்திருக்கும், ஏனென்றால் கொழுப்புறை கொண்ட நரம்பிழைகள் சிதைந்து நெருக்கம் குறைந்த இடத்தில் நீர்ச்சத்து கூடியிருக்கிறது. வெள்ளை என்பது அந்த இழைகள் ஓடுகிற வெண்பொருளைக் குறிக்கிறது.

பெரும்பாலும் காரணம் சிறு ரத்தக்குழாய்கள் பழுதாவது. வயதும் ரத்தக் கொதிப்பும் முன்னால் நிற்கின்றன. அளவைச் சொல்ல ஃபசேகாஸ் என்று 0 முதல் 3 வரை ஒரு தரவரிசை இருக்கிறது. 1 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், 3 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து பரவியிருக்கும். கூடக் கூட யோசனை மந்தமாகும், நடை தடுமாறும், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கச் சிரமமாகும். ஐரோப்பாவில் 639 முதியவர்களைப் பின்தொடர்ந்த லாடிஸ் ஆய்வில், கடுமையான மாற்றம் இருந்தவர்கள் அன்றாட வேலைக்குப் பிறரைச் சார்ந்து நிற்கும் அல்லது இறந்துபோகும் வாய்ப்பு, லேசான மாற்றம் இருந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். ஆனால் ஒன்றிரண்டு புள்ளிகளோடு கணக்குப் புத்தகத்தைப் பிசகாமல் எழுதுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், பெரியம்மா அந்த வகை.

சரி, தமிழில்? 'வெள்ளைப்படுதல்' பக்கமே போக முடியாது, அது வேறு உபாதை. 'வெண்பொருள் நோய்' என்றால் அந்த மூவரும் எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதையே செய்தவர்களாவோம். 'நீர்த்தல்' பொருளுக்குக் கிட்டே வருகிறது, ஆனால் நீர்த்துப்போனது என்று கேட்டால் மனுஷர் அவ்வளவுதான் என்று தோன்றிவிடும். எனக்குப் பிடித்தது 'ஐது'. தமிழ்நாட்டுப் பாடநூல் நீர்த்த அமிலம் என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல் ஐதான அமிலம் என்கிறது. செறிவு குறைந்தது, அவ்வளவே, பயமுறுத்தல் இல்லை. ஆகவே வெண்பொருள் ஐதாதல். தரம் 1 என்றால் புள்ளி ஐதாதல், 3 என்றால் பரந்த ஐதாதல் என்று பிரித்தும் எழுதலாம்.