சறுக்கும் முன் தரையைப் பாருங்கள்

ஏப்ரலில் மான்டி கார்லோ, அடுத்து மாட்ரிட், ரோம், மே கடைசியில் பிரெஞ்சு ஓபன். ஆடவர் டென்னிஸின் செம்மண் பருவமும் நம்மூர் கோடை விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. டிவியில் வீரர்கள் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுப்பதைப் பார்த்த பிள்ளைகள், மறுநாள் காலை காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மண் தரையில் அதையே செய்து பார்க்கிறார்கள். கணுக்கால் பிசகுவது அப்போதுதான்.

நிறம் ஒன்று, தரை வேறு. பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸில் மேலே இருப்பது செங்கல் தூள், 1 முதல் 2 மில்லிமீட்டர் கனம்தான். அதற்கு அடியில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல், பிறகு நிலக்கரிக் கசடு, சரளை. தூள் வழுக்கும், கீழடுக்கு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கெட்டியாக நிற்கும். செட்டிநாட்டுச் செம்மண்ணில் செம்புராங்கல் சரளை கலந்திருக்கும். மிளகளவு கல் ஒன்று போதும். கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு நிற்காது. பாதம் உள்பக்கம் மடங்கி வெளிப்பக்க ஜவ்வு கிழியும்.

அதனால் மேல்மண்ணைச் சலித்தே போடுங்கள். முதல்நாள் மாலை நன்றாக நனைத்து, காலையில் லேசாகத் தெளியுங்கள். பாதி ஈரத்தில் ரோலர் ஓட்டுங்கள். சேறாக இருந்தால் மண் உருளையில் ஒட்டிக்கொண்டு பெயரும், காய்ந்திருந்தால் இறுகாது. குதிகாலை இழுத்துப் பாருங்கள்: புழுதி கிளம்பினால் தண்ணீர் போதாது, மண் ஒட்டினால் காத்திருக்க வேண்டும். ஆடுகளக் கோடுகள் ஆணி அடித்த நாடாவாக இருந்தால் ஆணி எழும்பியிருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள்.

ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம். குதி உயரமானது, பக்கவாட்டில் பிடிப்பில்லை. அடிப்பாகம் முழுக்க மீன்முள் கோடு உள்ள டென்னிஸ் ஷூதான் சரி. வரிகளில் மண் அடைத்தால் மட்டையின் ஓரத்தால் தட்டி உதிர்க்க வேண்டும். வீரர்கள் அடிக்கடி தட்டுவது அதற்குத்தான்.

சறுக்கல் முடியும் நேரத்தில் பந்தை அடிக்க வேண்டும். அடித்துவிட்டுச் சறுக்கினால் அடுத்த பந்துக்குத் திரும்ப முடியாது. முன்கால் விரல்கள் போகும் திசையைப் பார்த்திருக்கட்டும், முழங்கால் மடங்கியிருக்கட்டும். மட்டை இல்லாமல் ஓரடி தூரத்தில் தொடங்குங்கள்.

பிசகிவிட்டால் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்காதீர்கள், தயவுசெய்து. கிழிந்த ஜவ்வை நீவினால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு காலடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொட்டின் பின்பக்க எலும்பை அழுத்தினால் வலித்தாலோ அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.