அயர்வு விரிசல்

ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமை, ஏறி இறங்கி ஏறி இறங்கி உலோகத்தில் உண்டாக்கி வளர்க்கும் விரிசலே அயர்வு விரிசல். கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. முன்னும் பின்னும் சில தடவை மடக்கினால் முறிந்துவிடும். ரயில் அச்சிலும் விமான உடலிலும் நடப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே சுமை மிகச் சிறியது, சுற்றுகளோ ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்.

ஆங்கிலத்தில் இதை ஃபெட்டீக் என்பார்கள். களைப்படையச் செய்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். 1839-இல் பிரெஞ்சுப் பொறியாளர் பொன்செலே உலோகத்துக்கு இதைப் பொருத்தினார். 1854-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பிரெய்த்வெயிட் லண்டனில் படித்த கட்டுரையின் தலைப்பிலேயே இது ஏறிவிட்டது. நடுவே, 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முறிந்த அச்சுகளின் முகம் கரடுமுரடாக, சர்க்கரைப் பரல்போல் மின்னியது. இரும்பு ஓடி ஓடிக் களைத்து, உள்ளே படிகமாக மாறிவிட்டது என்று பலர் நம்பினார்கள். அது தவறு. இரும்பு எப்போதுமே படிகம்தான். 1843-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் சரியான தடயத்தைப் பிடித்தார்: அச்சின் தடிமன் சட்டென்று குறையும் மூலையில் தொடங்கி, வழவழப்பான ஒரு பகுதி மெல்ல உள்நோக்கிப் பரவியிருந்தது. மின்னிய பகுதி கடைசியில் ஒரே நொடியில் முறிந்த மிச்சம்.

ஆக, முழு உலோகமும் களைப்பதில்லை. விரிசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு துண்டை வெட்டிச் சோதித்தால் அது ஏறக்குறைய பழைய வலுவோடே இருக்கும். கெடுவது ஓர் இடம்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது? உலோக மணிகளுக்குள், அதாவது அதை ஆக்கும் நுண்படிகங்களுக்குள், அணுத்தளங்கள் சறுக்குகின்றன. சுமை திரும்பும்போது அதே வழியில் சரியாகத் திரும்புவதில்லை. மேற்பரப்பில் நுண்ணிய மேடுபள்ளம் மிஞ்சுகிறது. 1903-இல் யூயிங்கும் ஹம்ஃப்ரியும் ஸ்வீடன் இரும்பில் இந்தச் சறுக்கல் பட்டைகள் விரிசலாவதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அப்புறம் விரிசலின் முனையே வேலையைத் தொடர்கிறது. இழுக்கும்போது முனை திறந்து மழுங்கும். தளர்த்தும்போது மூடிக் கூராகும். திறந்த புது முகத்தில் காற்றுப் பட்டு ஆக்சைடு படிவதால், மூடினாலும் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான முன்னேற்றம்தான். பல உலோகங்களில் அதுவும் ஒரு வரியாக முகத்தில் பதிந்துவிடும்.

1960-களின் தொடக்கத்தில் பால் பாரிஸ் இந்த வளர்ச்சிக்கு ஒரு விதி தந்தார். விரிசல் முனையில் தகைவுச் செறிவு, அதாவது அங்கே குவியும் விசையின் கடுமை, எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, அந்த வீச்சின் அடுக்காக வளர்ச்சி கூடும். அடுக்கு 3 என்றால், வீச்சு இரட்டித்தால் வேகம் எட்டு மடங்கு. விரிசல் நீள நீள முனையின் செறிவும் கூடுவதால், ஆயுளின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத நீளத்தில் கழிந்துவிடுகிறது. இதுதான் ஆபத்து.

1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057 சுற்றுகளில் உடல் கிழிந்தது. தொடக்கம், ஜன்னல் போன்ற ஒரு திறப்பின் மூலையருகே.

ஃபெட்டீக் என்பதற்குத் தமிழில் களைப்பு, சோர்வு, தளர்ச்சி, அயர்வு எல்லாம் புழங்குகின்றன. தளர்ச்சி வேண்டாம், இறுக்கிய போல்ட்டில் தகைவு தானே குறைவதற்கு அது தேவைப்படும். தேய்மானம் உராய்வுக்கு உரியது. களைப்பு என்றால் ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் வரும். உலோகத்துக்கு ஓய்வு கொடுத்து விரிசலை ஆற்ற முடியாது. அயர்வு என் தேர்வு: அயர்வு ஆயுள், அயர்வு வரம்பு என்று எளிதாகச் சேரும். விரிசல் என்பதோ 'விரி' என்ற வினையிலிருந்து வருவதால் வளர்ச்சியைத் தானே சொல்லிவிடுகிறது. வெடிப்பு என்றால் குண்டு நினைவுக்கு வரும். தொடக்கம் கீறல், வளர்வது விரிசல், முடிவது முறிவு என்று பிரித்து எழுதினால் குழப்பம் இல்லை.