மென்பொருள் வெட்டி எறியும் மூன்றாவது விண்மீன்

இரட்டை விண்மீன்களின் ஒளியை அளப்பது என் வேலை. ஒன்றை ஒன்று மறைக்கும்போது வெளிச்சம் குறையும். அந்தப் பள்ளங்கள் ஒரே இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் சுற்றுக்காலத்தில், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில், மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அழகான ஒளிவளைவு, அதாவது வெளிச்சம் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம், கிடைக்கும். அடுக்கில் அடங்காத புள்ளிகளைப் பிழை என்று மென்பொருள் வெட்டிவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் வெட்டினேன். ஒருமுறை, வெட்டிய புள்ளிகளை மட்டும் தனியாக வரைந்து பார்த்தேன். பிழை என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்க வேண்டும். இவையோ கும்பலாக, கிட்டத்தட்ட ஒரு நாள் நீளத்துக்கு ஒரே பள்ளமாகக் கிடந்தன.

மூன்றாவது விண்மீன் குறுக்கே வந்தால் இப்படித்தான் தெரியும். நெருங்கிச் சுற்றும் ஜோடி, சுற்றிக்கொண்டே மூன்றாவதற்கு முன்னால் போகும். அந்த நேரத்தில் ஜோடி எந்த நிலையில் இருக்கிறதோ, அதற்கேற்பப் பள்ளத்தின் வடிவம் மாறும். ஒருமுறை வந்த வடிவம் மறுமுறை வராது. ஒழுங்கைத் தேடும் நிரல் இதைக் கோட்டைவிடுவதில் ஆச்சரியமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது எச்டி 181068 என்ற மும்மீன் அமைப்பு. ஒரு சிவப்புப் பெருமீனை (வீங்கிப் பருத்த முதிய விண்மீனை) 45.5 நாளுக்கு ஒருமுறை சுற்றும் சிறிய ஜோடி. அந்த ஜோடிக்குள் சுற்றுக்காலம் 0.9 நாள். ஜோடி பெருமீனுக்கு முன்னால் வரும்போது அதன் குட்டி மறைப்புகள் ஏறக்குறைய காணாமல் போகின்றன. மூன்றின் பரப்பும் ஒரு சதுர அளவுக்கு ஏறத்தாழ ஒரே பிரகாசம். அதனால் ஜோடியில் ஒன்று மற்றொன்றை மறைத்தாலும், அப்போது வெளிப்படும் பெருமீனின் பரப்பு அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. 2011-ல் இது வெளியானபோது அந்த ஒளிவளைவை எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது.

மும்மீன் அமைப்புகள் அபூர்வம் இல்லை. மூன்றும் நம் பார்வைக் கோட்டில் வந்து மறைப்பதுதான் அபூர்வம். புகழ்பெற்ற அல்கோல் ஜோடிக்கும் 680 நாளில் சுற்றும் ஒரு துணை உண்டு, ஆனால் அது ஜோடியை மறைப்பதில்லை.

2018-ல் ஏவப்பட்ட டெஸ் விண்கலம் வானத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்து 27 நாள் பார்க்கும். வெளிச்சுற்று, அதாவது ஜோடியும் மூன்றாவதும் ஒன்றையொன்று சுற்றிவரும் காலம், அதைவிட நீளம் என்றால் ஒரே ஒரு விசித்திரப் பள்ளம்தான் கையில் கிடைக்கும். 2024-ல் அறிவிக்கப்பட்ட டிஐசி 290061484 என்ற மும்மீன் அமைப்பின் வெளிச்சுற்று வெறும் 24.5 நாள், மூன்று விண்மீன்களும் புதனின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். மிகக் குறுகிய வெளிச்சுற்று என, 1956 முதல் லாம்டா டாரி என்ற மும்மீன் அமைப்பிடம் இருந்த 33 நாள் சாதனையை அது முறியடித்தது. கணினி முதலில் சல்லடை போட்டது. அப்புறம் ஒளிவளைவுகளைக் கண்ணால் பார்த்துப் பழகிய தன்னார்வலர்கள் சேர்ந்துதான் அதைப் பிடித்தார்கள்.

சரி, விசித்திரப் பள்ளம் கிடைத்தால் உடனே கொண்டாடலாமா? கூடாது. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்விநாடி அகலம் (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு). அதற்குள் சம்பந்தமே இல்லாத இன்னொரு மறைப்பு இரட்டை ஒளிந்திருக்கலாம். அக்கம்பக்க விண்மீன்களை நுணுக்கமான படத்தில் பார்த்துவிட்டு, ஜோடியின் மறைப்பு நேரங்களைக் கணக்கிட வேண்டும். மூன்றாவதோடு பிணைந்த ஜோடி என்றால் மறைப்புகள் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் வரும். ஜோடி நம்மை விட்டு விலகும்போது ஒளி வந்துசேரத் தாமதம். மூன்றாவதன் ஈர்ப்பும் ஜோடியின் பாதையை அலைக்கழிக்கும். வேறெங்கோ இருக்கும் இரட்டை இந்தத் தாளத்தில் ஆடாது.

அந்த ஈர்ப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு: ஜோடியின் பாதைத் தளமே மெல்லச் சாயும். எஸ்எஸ் லாசர்டே என்ற மறைப்பு இரட்டை 1950 வாக்கில் மறைவதையே நிறுத்திவிட்டது. பழைய புகைப்படத் தகடுகளைப் பார்த்துத்தான் அதன் மறைப்புகள் ஆழம் மாறிவந்த கதையைத் தெரிந்துகொள்கிறோம். அதனால் நான் இப்போது எதையும் அழிப்பதில்லை. வெட்டிய புள்ளிகள் எல்லாம் தேதியோடு தனிக் கோப்பில் இருக்கின்றன.