இதயத்துக்குள் ஆடும் கட்டி

"எல்லா உறுப்புக்கும் புற்றுநோய் வருகிறது, இதயத்துக்கு மட்டும் ஏன் வருவதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வருகிறது, ஆனால் மிக மிக அரிதாக. பிரேதப் பரிசோதனைக் கணக்குகளின்படி, இதயத்திலேயே முளைக்கும் கட்டிகள் சுமார் 0.02 சதவீத உடல்களில்தான் காணப்படுகின்றன. அதாவது 5,000 பேரில் ஒருவர். அந்தக் கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் வகையைச் சேர்ந்தவை அல்ல.

அரிதாக இருப்பதற்கு முக்கியக் காரணம் நமக்குப் பள்ளியிலேயே தெரிந்ததுதான். செல் பிரியும்போதுதான் டி.என்.ஏ. நகலில் பிழை விழும். பிழைகள் சேர்ந்தால் புற்று. இதயத் தசைச் செல்களோ குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பிரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. எவ்வளவு குறைவு என்று அளந்தவர்கள் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர். 1963-க்கு முன் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவை ஏற்றிவிட்டிருந்தன. பிறகு அது ஆண்டுதோறும் இறங்கிவந்தது. ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் செல் எப்போது பிறந்தது என்று சொல்லிவிடலாம். 2009-இல் வந்த விடை: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் தசைச் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் 0.45 சதவீதம்.

வேறு உறுப்பில் தோன்றிய புற்று இதயத்துக்குப் பரவுவது தனிக்கதை. அது குறைந்தது 20 மடங்கு அதிகம். நுரையீரல், மார்பகம், மெலனோமா (நிறமிச் செல் புற்று), நிணநீர்ப் புற்றுகள் பெரும்பாலும் இதய உறையில் வந்து உட்காரும். சிறுநீரகப் புற்று கீழ்ப்பெருஞ்சிரை வழியாகவே ஊர்ந்து வலது மேலறை வரை வந்துவிடுவதும் உண்டு. இதை இத்துடன் விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த ஆசாமியிடம் வருகிறேன்.

அதன் பெயர் மிக்ஸோமா, புற்று அல்லாத ஒரு கட்டி. பெரியவர்களுக்கு வரும் இதயக் கட்டிகளில் மருத்துவர்கள் காலங்காலமாக அதிகம் சந்தித்தது இதைத்தான். வழவழவென்று ஜெல்லி மாதிரி இருக்கும். நான்கில் மூன்று மிக்ஸோமாக்கள் இடது மேலறையில், இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் ஒரு குறிப்பிட்ட குழியருகே, ஒரு காம்பில் தொங்கியபடி வளர்கின்றன. காம்பு இருப்பதுதான் விஷயம். ஒட்டிக்கொண்டு கிடக்கும் கட்டியாக இருந்தால் இவ்வளவு வேடிக்கை காட்டாது. இது மணியின் நாக்கு போல ஆடுகிறது.

ஒரே ஒரு துடிப்பை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கீழறை சுருங்கி முடிந்து தளர்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு திறக்கிறது. மேலறையில் காத்திருந்த ரத்தம் கீழே பாய, கட்டியும் அதோடு இழுபட்டு வால்வின் வாயில் போய் விழுகிறது. காம்பு எட்டும் தூரம் வரை போய் டக்கென்று நிற்கிறது. நிற்கும்போது ஒரு மந்தமான ஒலி எழும். 'லப்-டப்'பில் 'டப்' என்ற இரண்டாம் இதய ஒலிக்குப் பிறகு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கழித்து ஸ்டெதாஸ்கோப்பில் அது கேட்கக்கூடும். அப்புறம் கீழறை மறுபடி சுருங்கும். உள்ளே எழும் அழுத்தம் கட்டியை மேலறைக்கே திருப்பி எறியும். வழியில் கட்டி கிடந்ததால் வால்வு சற்றுத் தாமதமாக, பலமாக மூடிக்கொள்ளும். அதனால் 'லப்' என்ற முதல் இதய ஒலி உரக்கக் கேட்கும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் இந்த ஆட்டம் ஒரு நாளில் 1,00,800 முறை நடக்கிறது.

வால்வு வாய் அடைபடுவதால் நோயாளிக்கு மூச்சு வாங்கும். மார்பில் முணுமுணுப்பு ஒலி கேட்கும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவருக்கும் இதே அறிகுறிகள்தான், எனவே இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. காட்டிக்கொடுப்பது, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா படுத்திருக்கிறாரா என்பது. வால்வு சுருக்கம் ஆள் எப்படித் திரும்பினாலும் மாறாது. தொங்கும் கட்டியோ புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. எழுந்து உட்கார்ந்ததும் திணறுகிறது, படுத்தால் சரியாகிறது என்பார் ஒருவர். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மட்டும் மயக்கம் வருகிறது என்பார் இன்னொருவர். இப்படிச் சொல்பவரைப் 'பதற்றக்காரர்' என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆபத்தும்கூட.

கட்டியின் துணுக்கு உடைந்து ரத்தத்தில் மிதந்து போவது அடுத்த தொல்லை. மூளைக்குப் போனால் பக்கவாதம், காலுக்குப் போனால் காலின் தமனி அடைப்பு. இதய நோய் எதுவும் தெரியாத ஒருவரின் கால் தமனியிலிருந்து எடுத்த அடைப்பை நுண்ணோக்கியில் பார்த்து, "இது உறைந்த ரத்தம் இல்லை, மிக்ஸோமா, இதயத்தைப் பாருங்கள்" என்று நோய்க்குறியியல் மருத்துவர் சொன்ன நிகழ்வுகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தபடி காலிலிருந்து இதயத்தைக் கண்டுபிடிப்பது! தமனியிலிருந்து எடுத்த எதையும் தூக்கி எறியாமல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

நுண்ணோக்கியில் அவர் பார்ப்பது, நிறைய சளி போன்ற பொருளும் அதில் அங்கங்கே சிதறிய நட்சத்திர வடிவச் செல்களும். சில இடங்களில் அந்தச் செல்கள் சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி வளையம் கட்டி நிற்கும். கால்ரெட்டினின் என்ற புரதத்துக்கான சாயம் பெரும்பாலும் ஏறும். இந்தச் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையையும் சுரப்பதுண்டு. அதனால் காய்ச்சல், எடைக் குறைவு, ரத்தசோகை, உயர்ந்த ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை); மருத்துவர் தொற்றைத் தேடிக்கொண்டிருப்பார். கட்டியை எடுத்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

சரி, உயிரோடு இருப்பவரிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதயத்தின் மீது மீயொலியைச் செலுத்திப் பார்த்தார்கள். கருவி இரவல்: மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடும் கருவி அது. 1959-இல் ஜெர்மனியில் ஸ்வென் எஃபெர்ட்டும் சகாவும் அதே முறையில் மேலறைக் கட்டியைக் கண்டார்கள். அன்றைய எக்கோ (இதய மீயொலிப் பரிசோதனை) படம் அல்ல, வெறும் கோடுகள். மைட்ரல் வால்வின் இதழ் திறப்பது ஒரு கோடாகத் தெரியும். அதன் பின்னால் மேகம் போலக் கட்டியின் எதிரொலிகள். ஆனால் இதழ் திறந்ததற்கும் மேகம் வந்ததற்கும் நடுவே ஒரு சின்ன வெற்றிடம் இருந்தது. கட்டி ஆடி வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. காது தாமதமான ஒலியாகக் கேட்டதும் கோடுகளில் இடைவெளியாகத் தெரிந்ததும் ஒரே ஆட்டம்தான்.

இன்றைய எக்கோவில் கட்டி ஆடுவதையே நேரில் பார்க்கலாம். சந்தேகம் வருவது வேறிடத்தில்: அது கட்டியா, உறைந்த ரத்தமா? உறைவுக்கு உள்ளே ரத்தக் குழாய்கள் இல்லை. கடோலினியம் என்ற, ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்தைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால் ரத்த ஓட்டம் உள்ள கட்டி ஒளிரும், உறைவு பெரும்பாலும் கறுப்பாகவே நிற்கும். ஆனால் எம்.ஆர்.ஐ. பல துடிப்புகளைச் சேர்த்து ஒரு படமாக்குவதால், வால்வில் துடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கட்டிகளைத் தவறவிடலாம். அங்கே எக்கோதான் கெட்டிக்காரன். அப்படிப்பட்ட வால்வுக் கட்டியான பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா, எக்கோ கூர்மையாக ஆக ஆக அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது.

'கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும்' என்ற பயம் பலரைப் பயாப்சியிலிருந்து (திசுவில் சிறிது எடுத்துப் பரிசோதிப்பது) ஓட வைக்கிறது. அந்தப் பொதுவான பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. ஓடுவதால் இழப்பது நேரம். ஆனால் இடது மேலறையில் ஆடும் மிக்ஸோமாவை மட்டும் மருத்துவர்களே ஊசியால் தொட விரும்புவதில்லை. காரணம் புற்று பரவும் என்பதல்ல, உதிரும் துணுக்கு மூளைக்குப் போகும் என்பது. நேராக அறுவைசிகிச்சை செய்து, காம்பு ஒட்டியிருந்த சுவர்ப் பகுதியோடு எடுத்துவிடுவார்கள். 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் க்ராஃபூர்ட் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முதலில் வெற்றிகரமாக மிக்ஸோமாவை எடுத்தார்.

ரத்தக் குழாய்ச் செல்களின் புற்றான ஆஞ்சியோசார்க்கோமா இதற்கு நேரெதிர். பெரும்பாலும் வலது மேலறையில், சுவரை ஊடுருவி, உறைக்குள் ரத்தம் கசியவிட்டு வளரும். கண்டுபிடிக்கும்போது பலருக்கு நுரையீரலுக்குப் போயிருக்கும். இங்கே பயாப்சி அவசியம். குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோமா என்ற தசைக் கட்டியோ பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். அதைப் பார்த்தால் டியூபரஸ் ஸ்க்ளெரோசிஸ் என்ற மரபணு நோயைத் தேட வேண்டும்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டோம் என்றால், பெருமளவு பிரேதப் பரிசோதனைகளாலும் பொறுமையான சேகரிப்பாலும்தான். அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் நிறுவனம் பல்லாண்டு சேர்த்த 533 இதயக் கட்டிகளும் நீர்க்கட்டிகளும் 1978-இல் ஆராயப்பட்டன. வகைப்பாட்டுக்கு அது வலுவான அடித்தளம். அந்த நிறுவனம் 2011-இல் மூடப்பட்டு, திசுச் சேமிப்பு வேறு மையத்துக்குப் போனது. அரிய நோய்க்கு எந்த ஒரு மருத்துவமனையிலும் போதிய நோயாளிகள் சேரமாட்டார்கள். மருந்து நிறுவனங்களுக்கும் லாபம் இல்லை. இத்தகைய சேமிப்புகளுக்குப் பொதுப்பணம் கொடுப்பதை ஆடம்பரமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கேட்ட வாசகருக்கு இன்னொன்று. மிக்ஸோமாக்கள் பெரும்பாலும் தனியாக வந்து, எடுத்தபின் அரிதாகவே திரும்பும். ஆனால் இளம் வயதில் வந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தாலோ, தோலில் விசித்திரமான கரும்புள்ளிகள் கூட இருந்தாலோ அது கார்னி நோய்த்தொகுப்பாக இருக்கலாம். பி.ஆர்.கே.ஏ.ஆர்.1ஏ என்ற மரபணுவின் கோளாறு அது. அப்போது கட்டி மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள்.